இளம் கூடைப்பந்து வீரருக்கு மூத்த துணை

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அமைப்பில் புதிய வீரர்கள் அணிகளுக்குப் போய்ச் சேரும் வழி டிராஃப்ட். முந்தைய சீசனில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கே அதில் முதல் வாய்ப்புகள் கிடைக்கும். பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத அணிகளிடையே குலுக்கல் நடத்தி முன்வரிசையை முடிவு செய்கிறார்கள். பலம் குன்றிய அணி மறுபடி எழட்டும் என்பது இதன் நோக்கம். நோக்கம் நியாயமானது, ஆனால் அதற்குள் ஒரு முரண் இருக்கிறது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த இளைஞர், கற்றுக்கொடுக்க ஆள் மிகக் குறைவாக உள்ள அணிக்குப் போகிறார். அறுபது ஆட்டங்களில் தோற்ற அணியின் லாக்கர் ரூமில் வென்று பழகியவர்கள் அரிது. ஆகவே இளைஞருக்குத் துணையாக ஒரு மூத்த நட்சத்திரத்தைத் தேடிக் கொண்டுவருவது நிர்வாகத்தின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. அந்த மூத்தவரை எப்படித் தேர்வது என்பதே இங்கே பொருள்.

துணை தேவைப்படுவதற்கு முதல் காரணம் வயது. கெவின் கார்னெட் 1995-லும், கோபி பிரையன்ட் 1996-லும், குவாமி பிரவுன் 2001-லும், லெப்ரான் ஜேம்ஸ் 2003-லும் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு என்.பி.ஏ.வுக்குள் வந்தவர்கள். 2006 டிராஃப்ட் முதல் குறைந்தபட்ச வயது 19 என்று விதி வந்தது. அப்படியும் பெரும்பாலான முன்வரிசைத் தேர்வுகள் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிய பிள்ளைகள்தான். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள். அவற்றில் பாதி வெளியூரில். இரவு ஆட்டம் முடிந்ததும் விமானம், மறுநாள் மாலை வேறு நகரத்தில் ஆட்டம். கல்லூரியில் ஒரு சீசன் முழுவதும் 35 ஆட்டங்கள் அளவில் ஆடிய உடல் ஜனவரியிலேயே களைத்துப்போகும். எப்போது உறங்குவது, என்ன சாப்பிடுவது, வீங்கிய கணுக்காலை யாரிடம் காட்டுவது, திடீரென்று வந்த பணத்தைக் கேட்டு நிற்கும் உறவினருக்கு என்ன பதில் சொல்வது என எல்லாமே புதிது. 1986 முதல் புதுமுகங்களுக்கான அறிமுக முகாம் ஒன்றை என்.பி.ஏ.வும் வீரர்கள் சங்கமும் நடத்துகின்றன. ஆனால் முகாமில் கேட்ட அறிவுரை சில நாள் நினைவிருக்கும். பக்கத்து லாக்கரில் உட்காரும் சீனியர் தினமும் செய்வது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் காலக்கெடு. முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கே சம்பள உறுதி உண்டு. மூன்றாம், நான்காம் ஆண்டுகளை நீட்டிப்பது அணியின் விருப்பம். அதாவது ஓர் இளைஞர் கைகூடுவாரா மாட்டாரா என்ற தீர்ப்பு அவருக்கு 21, 22 வயதாகும்போதே எழுதப்படத் தொடங்குகிறது. துணை தாமதமாக வந்தால் பயனில்லை.

தேர்வில் முதலில் கேட்க வேண்டியது, இந்த இளைஞருக்கு எது குறைகிறது என்பது. அதற்கு அடுத்தது, இந்த மூத்தவர் எதை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார் என்பது. அவர் எத்தனை கோப்பை வென்றார், எத்தனை புள்ளி குவித்தார் என்பதெல்லாம் பிறகு. அணிகள் சறுக்கும்போது பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியே சறுக்குகின்றன. என்.பி.ஏ. வரலாற்றில் நன்கு அறியப்பட்ட சில இணைகளை அடுத்தடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

1984 டிராஃப்டில் ஐந்தாவதாக ஃபிலடெல்ஃபியா செவன்டிசிக்சர்ஸ் அணிக்கு வந்தவர் சார்லஸ் பார்க்லி. அது தோற்றுச் சோர்ந்த அணி அல்ல. 1983-ல்தான் கோப்பை வென்றிருந்தது. ஜூலியஸ் எர்விங், மாரிஸ் சீக்ஸ், பாபி ஜோன்ஸ், மோசஸ் மலோன் என்று அணி நிறையப் பெரியவர்கள். பார்க்லியின் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. குறை உடம்பில் இருந்தது: எடை 136 கிலோ அளவில். தனக்கு ஏன் அதிக நேரம் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று அவர் மலோனிடம் கேட்டார். நீ குண்டாக இருக்கிறாய், சோம்பேறியாகவும் இருக்கிறாய் என்று மலோன் சொன்னதாகப் பார்க்லியே பிற்காலத்தில் பல மேடைகளில் நெகிழ்ந்து கூறியிருக்கிறார். வார்த்தை கடுமையானது. ஆனால் மலோன் அதோடு நிறுத்தவில்லை. முதலில் பத்து பவுண்டு குறை என்றார். குறைத்ததும் இன்னொரு பத்து என்றார். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கூடவே நின்று உழைத்தார். எடை படிப்படியாக இறங்கியது. 1986-87 சீசனில் ஓர் ஆட்டத்துக்கு சராசரி 14.6 ரீபவுண்டுகளுடன் (தவறிய பந்தைக் கைப்பற்றுவது) பார்க்லி என்.பி.ஏ.வின் முதலிடத்தைப் பிடித்தார். ஆறரை அடி உயரம் என்று பதிவாகியிருந்த ஒருவர், ஏழடி ஆட்களை மீறிச் செய்த காரியம் அது.

மலோன் சொன்ன கடுஞ்சொல் ஏன் பலித்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவரும் 1974-ல் பள்ளியிலிருந்து நேரடியாகத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதை மூன்று முறை பெற்றவர். ஆனாலும் அவருடைய புகழ் முழுவதும் உழைப்பில் கிடைத்தது: எதிரணியின் வளையத்தடியில் தவறிய பந்துக்காக ஓயாமல் முட்டி மோதி எடுப்பது. பார்க்லிக்கு இயல்பாக வரக்கூடிய ஆட்டமும் அதுவே. குறை என்ன என்பதைக் கண்டு சொல்லவும், அந்தக் குறை நீங்கினால் என்ன ஆகலாம் என்பதைத் தன் உடம்பிலேயே காட்டவும் அவரால் முடிந்தது. எர்விங்கிடம் காற்றில் மிதக்கும் அழகு இருந்தது. அதைப் பார்த்து வியக்கலாம், கற்பது கடினம்.

இதே மலோன், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஹூஸ்டனில் வேறொருவருக்கும் பாடமாக இருந்தார். நைஜீரியாவின் லாகோஸிலிருந்து 1980-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஹக்கீம் ஓலாஜுவான், கோடைக்காலங்களில் ஃபான்டி பொழுதுபோக்கு மையத்தில் மலோனை எதிர்த்து ஆடினார். அங்கே பேச்சு அதிகமில்லை. மலோன் முழு பலத்தோடு மோதுவார். இளைஞர் தாங்க வேண்டும், திருப்பி ஆட வேண்டும். கூடைப்பந்தை மிகத் தாமதமாகத் தொட்ட ஓலாஜுவானுக்கு எடைக் கட்டுப்பாட்டைப் பற்றிய புத்திமதி தேவையில்லை; உலகின் மிக வலிய சென்டரோடு மோதிப் பார்க்கும் பழக்கமே தேவை. கற்பிப்பவர் ஒருவரே. கற்பித்த விதம் ஆளுக்கேற்ப மாறியது.

விட்டுக்கொடுத்தல் என்ற இரண்டாவது கேள்விக்கு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் கதையே முதன்மையான சான்று. டேவிட் ராபின்சன் கடற்படைக் கல்லூரியில் படித்தவர், 1987-ல் முதல் தேர்வாகி, கடற்படைப் பணியை முடித்து 1989-ல் அணிக்கு வந்தவர், 1995-ல் எம்.வி.பி. 1996-97 சீசனில் முதுகிலும் பாதத்திலும் காயம்பட்டு ஆறே ஆட்டங்களில் ஆடினார். அணி 20 வெற்றி, 62 தோல்வி என்று சரிந்தது. அந்தச் சரிவே 1997 டிராஃப்டின் முதல் தேர்வைத் தேடிக் கொடுத்தது. டிம் டங்கன் வந்தார்.

டங்கன் அமெரிக்க வெர்ஜின் தீவுகளின் செயின்ட் குரோய் தீவில் பிறந்தவர். சிறு வயதில் நீச்சல் வீரர். 1989-ல் ஹியூகோ புயல் தீவின் நீச்சல் குளத்தை அழித்தபின் கூடைப்பந்துக்குத் திரும்பியவர். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் முழுதாகப் படித்துவிட்டு 21 வயதில் வந்தார். ஆகவே ஆட்ட நுணுக்கத்தில் அவருக்குக் கற்றுத்தர வேண்டியது அதிகமில்லை. முதல் சீசனிலேயே சராசரி 21.1 புள்ளி, 11.9 ரீபவுண்டு எடுத்து, சிறந்த புதுமுக வீரர் விருதும் பெற்றார். அணி 56 வெற்றிகளுக்கு எழுந்தது. அவருக்குக் குறைந்தது இடம். வளையத்தடியில் முதுகு காட்டி நின்று பந்து வாங்கி ஆடும் இடம், ஆட்டம் இறுகும்போது பந்து முதலில் போகும் இடம், அணியின் முகம் என்ற இடம் மூன்றும் எட்டு ஆண்டுகளாக ராபின்சனுடையவை.

1998-99 சீசன் தொழிலாளர் தகராறினால் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. ஸ்பர்ஸ் 6 வெற்றி, 8 தோல்வி என்று தடுமாறித் தொடங்கியது. பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச், தாக்குதலின் மையம் இனி டங்கன் என்றும், ராபின்சன் தடுப்பாட்டத்திலும் ரீபவுண்டிலும் கவனம் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மூன்றாண்டுக்கு முன் சராசரி 25 புள்ளி எடுத்தவர், 1994-ல் ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி குவித்தவர், 15.8 புள்ளிக்கு இறங்கச் சம்மதித்தார். வளையத்தடியை டங்கனுக்கு விட்டுவிட்டு, ஃப்ரீ-த்ரோ கோட்டருகே நின்று பாஸ் கொடுக்கத் தொடங்கினார். அதன்பின் ஸ்பர்ஸ் 36 ஆட்டங்களில் 31-ஐ வென்றது. பிளே-ஆஃபில் இரண்டே தோல்விகளுடன் நியூயார்க் நிக்ஸை வீழ்த்திக் கோப்பை எடுத்தது. இறுதிச் சுற்றின் எம்.வி.பி. விருது டங்கனுக்குப் போனது.

விட்டுக்கொடுத்தவர் ஓய்வு பெறும் நிலையில் இருந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்போது ராபின்சனுக்கு 33 வயது. இன்னும் சில ஆண்டுகள் முதல் இடத்துக்காக வாதாட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ரசிகர்களும் அவர் பக்கம் நின்றிருப்பார்கள். அவர் வாதாடவில்லை என்பதே டங்கனுக்குக் கிடைத்த கல்வி. அமைதியான சுபாவம் கொண்ட இளைஞரால், ஒரு பெரியவரைத் தள்ளிவிட்டு மேலே வந்தோம் என்ற பாரம் இல்லாமல் ஆட முடிந்தது. 2003 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் நியூஜெர்சி நெட்ஸுக்கு எதிராக டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்டு, 10 அசிஸ்ட், 8 பிளாக் எடுத்தார். அது ராபின்சனின் கடைசி ஆட்டம். 37 வயதில் அவர் 17 ரீபவுண்டு எடுத்து இரண்டாவது கோப்பையோடு விடைபெற்றார். இந்த இணையைப்போல் இருதரப்புக்கும் நன்மை செய்த இன்னொன்றைக் கூடைப்பந்து வரலாற்றில் காட்டுவது கடினம்.

இதற்கு நேரெதிரான பாடம் வாஷிங்டனில் கிடைத்தது. 2001 டிராஃப்டில் வாஷிங்டன் விசர்ட்ஸ் அணிக்கு முதல் தேர்வு. அணியின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் மைக்கேல் ஜோர்டன். அவர் தேர்ந்தெடுத்தது ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளி மாணவர் குவாமி பிரவுனை. பள்ளியிலிருந்து நேரடியாக வந்து முதல் தேர்வான முதல் வீரர் அவர். சில மாதங்களில் ஜோர்டன் தன் நிர்வாகப் பதவியையும் பங்குகளையும் விட்டுவிட்டு, 38 வயதில் அதே அணிக்கு ஆட வந்தார். உலகின் மிகப் பெரிய கூடைப்பந்து வீரர் பக்கத்து லாக்கரில் இருக்கிறார். ஓர் இளைஞருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு என்ன வேண்டும் என்று அன்று பலரும் எண்ணியிருக்கக்கூடும்.

நடந்தது வேறு. பிரவுன் முதல் சீசனில் சராசரி 4.5 புள்ளிதான் எடுத்தார். பயிற்சியின்போது ஜோர்டன் அவரிடம் கடுமையாக நடந்துகொண்டதாக அந்நாளைய செய்திகளும் நூல்களும் பதிவு செய்திருக்கின்றன. அந்தக் கடுமையை மட்டும் குற்றம் சொல்லி நகர்ந்துவிட்டால் உண்மையான கோளாறு கண்ணில் படாது, மலோனும் கடுமையானவரே. கோளாறு ஏற்பாட்டில் இருந்தது. 19 வயது பிரவுனுக்குத் தேவை காலம். தவறு செய்ய, அதைத் திருத்த, மறுபடி தவறு செய்ய இரண்டு மூன்று ஆண்டுகள். ஜோர்டனிடம் இல்லாதது அதே காலம். முழங்கால் வலியோடு அவர் ஆட வந்தது அந்த ஆண்டே வெல்வதற்காக. 2001-02 சீசனில் அவர் சராசரி 22.9 புள்ளி எடுத்தார். பந்து அவர் கையிலேயே இருந்தது. அதோடு, தேர்ந்தெடுத்தவரும் அவரே, முந்தைய மேலதிகாரியும் அவரே, இப்போது சக வீரரும் அவரே. இளைஞர் ஒரு பாஸைத் தவறவிட்டால் அந்த மூவரும் ஒரே முகத்தில் ஏமாற்றம் காட்டினார்கள். அந்த இரண்டு சீசன்களிலும் அணி 37 வெற்றி, 45 தோல்வி என்றே முடித்து, பிளே-ஆஃபுக்குப் போகவில்லை. 2005-ல் பிரவுன் வீரர் பரிமாற்றமான டிரேடு மூலம் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பப்பட்டார். பன்னிரண்டு சீசன்கள் அவர் என்.பி.ஏ.வில் ஆடினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திறமை இல்லாதவர் அத்தனை காலம் அங்கே நிலைப்பதில்லை. அதே டிராஃப்டில் மூன்றாவதாக வந்த பாவ் கசோலுக்கு சீசன் தொடங்கும்போது 21 வயது. பார்சிலோனா அணியில் தொழில்முறையாக ஆடித் தேர்ந்தவர். புதுமுக விருது அவருக்குக் கிடைத்தது. இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்தது பிரவுனுக்கு இழைத்த அநீதி.

மூத்தவரும் இளையவரும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்களாக இருக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஒரே இடம் என்றால் நுணுக்கம் நேரடியாகக் கைமாறும். ஆனால் ஆட்ட நேரத்துக்கான போட்டியும் வரும். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் இரண்டுக்கும் நல்ல சான்றுகள் உண்டு. 2008-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் அணிக்கு முதல் தேர்வாக வந்த கேண்டஸ் பார்க்கர், வளையத்தடியில் லீசா லெஸ்லியோடு தோளோடு தோள் நின்று ஆடினார். தாய்மை விடுப்பு முடிந்து திரும்பியிருந்த லெஸ்லி அந்த அணி தொடங்கிய நாள் முதல் அதன் நட்சத்திரம். பார்க்கர் அந்த ஒரே சீசனில் புதுமுக விருதையும் எம்.வி.பி. விருதையும் சேர்த்து வென்றார். சியாட்டில் ஸ்டார்ம் அணியிலோ இடம் வேறு வேறு. 2002 முதல் அங்கே பாயிண்ட் கார்டாக இருந்த சூ பேர்டும், 2016-ல் வந்த ஃபார்வர்டு பிரியானா ஸ்டூவர்ட்டும் ஒருவர் நேரத்தை ஒருவர் பறிக்க வேண்டிய தேவையே இல்லை. 2018-லும் 2020-லும் கோப்பை வந்தது.

இடம் வேறாக இருக்கும்போது மூத்தவர் ஆட்டத்தாலேயே கற்பிக்கலாம். 2023-ல் ஸ்பர்ஸுக்கு வந்த விக்டர் வெம்பன்யாமாவின் முதல் சீசனில், பாயிண்ட் கார்டாக ஆடிப் பழகாத ஜெரமி சோஹனை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். உயரமான இளைஞர் நல்ல இடத்தில் கை நீட்டி நின்றும் பந்து வராமல் போன தருணங்கள் பல. அணி 22 ஆட்டங்களில் மட்டும் வென்றது. அடுத்த ஆண்டு 39 வயது கிறிஸ் பாலை ஓராண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். எதிரணி வீரரின் வழியை மறித்து ஸ்கிரீன் வைத்த சென்டர் எந்த நொடியில் வளையத்தை நோக்கித் திரும்ப வேண்டும், எந்த உயரத்தில் பாஸ் வரும் என்பதெல்லாம் பாலோடு ஆடும்போது சொல்லாமலே பழகும். ஃபீனிக்ஸில் டெவின் புக்கர், டியான்ட்ரே ஏட்டன் ஆகியோரோடு சேர்ந்து 2021 இறுதிச் சுற்று வரை போனவர் அவர். சான் அன்டோனியோவில் 82 ஆட்டங்களிலும் ஆடினார். வெம்பன்யாமா தோள்பட்டையில் ஏற்பட்ட இரத்த உறைவினால் 46 ஆட்டங்களோடு நிற்க நேர்ந்தும் வெற்றி 34 ஆக உயர்ந்தது. அதே சீசனில் அணியின் புதுமுகம், கார்டு ஸ்டெஃபன் காசில், புதுமுக விருதை வென்றார்.

மூத்தவர் களத்தில் ஆடித்தான் ஆக வேண்டுமா? மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி 2015-ல் இதற்கு ஒரு சோதனை நடத்தியது. அந்த ஆண்டு பிப்ரவரியில், தங்கள் பழைய நாயகன் கெவின் கார்னெட்டை புரூக்ளினிலிருந்து திரும்ப வாங்கினார்கள். பதிலுக்குக் கொடுத்தது நல்ல ஆட்டத்தில் இருந்த தாடியஸ் யங்கை. 16 வெற்றி, 66 தோல்வி என்று அந்த சீசன் முடிந்து, ஜூனில் முதல் தேர்வாக கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் வந்தார். ஏற்கனவே ஆண்ட்ரூ விகின்ஸ் இருந்தார். பயிற்சியாளரும் தலைவருமான ஃபிளிப் சாண்டர்ஸ், கார்னெட்டோடு டெய்ஷான் பிரின்ஸ், ஆண்ட்ரே மில்லர் ஆகிய இரண்டு மூத்தவர்களையும் சேர்த்தார். உள்ளே ஒருவர், ஓரத்தில் ஒருவர், பந்தைக் கொண்டுவரும் இடத்தில் ஒருவர். இப்படிக் கணக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்.பி.ஏ.வில் அரிது.

சாண்டர்ஸ் வெறும் ஆசையால் இதைச் செய்யவில்லை. 1995-ல் 19 வயது கார்னெட் அதே அணிக்கு வந்தபோது அவருக்குச் சீனியராக இருந்தவர் சாம் மிச்செல். மிச்செல் நட்சத்திரம் இல்லை. பிரான்ஸில் எல்லாம் ஆடி அலைந்து 26 வயதில் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தவர். அதே ஃபார்வர்டு இடத்தில் ஆடிய அவர், இளைஞர் மேலே வருவதை மனமார வரவேற்றார். அந்த ஆண்டின் நடுவில் அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் சாண்டர்ஸ். இருபது ஆண்டு கழித்து மிச்செல் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். கார்னெட் சீனியர் இடத்தில் அமர்ந்தார்.

திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. சீசன் தொடங்கும் முன், 2015 அக்டோபரில், சாண்டர்ஸ் புற்றுநோயால் காலமானார். மிச்செல் தற்காலிகப் பயிற்சியாளரானார். கார்னெட் ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் அளவில் 38 ஆட்டங்களில் மட்டும் ஆடினார். பிறகு முழங்கால் இடம் தரவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் வீணாகவில்லை. தடுப்பாட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்: எங்கே ஸ்கிரீன் வருகிறது, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று. இளம் சென்டர்களுக்கு மிகத் தாமதமாக வரும் பழக்கம் இது. கார்னெட்டின் பக்கத்தில் நின்று ஆடிய டவுன்ஸ் அதை முதல் நாளிலிருந்தே கேட்டார். புதுமுக விருதுக்கு அவருக்கே எல்லா வாக்குகளும் விழுந்தன. அணி 29 ஆட்டங்களில் வென்றது. ஓராண்டில் மூன்று மூத்தவர்களும் போய்விட்டார்கள். 2017-ல் வந்த ஜிம்மி பட்லர் அணியை 14 ஆண்டு கழித்துப் பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனாலும், உடனே வெல்லும் அவசரம் அவருடையது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவரும் டிரேடில் வெளியேறினார். சாண்டர்ஸ் இருந்து அந்த ஏற்பாட்டை மூன்று ஆண்டு நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆடாமலே துணை நிற்பவர்களில் மயாமி ஹீட் அணியின் யூடோனிஸ் ஹாஸ்லம் தனி ரகம். டிராஃப்டில் யாராலும் தேர்வாகாமல், பிரான்ஸில் ஒரு சீசன் ஆடி, 2003-ல் மயாமிக்கு வந்தவர். மூன்று கோப்பை வென்ற அணிகளில் இருந்தார். கடைசி ஆண்டுகளில் களத்தில் இறங்கியது மிகக் குறைவு. 2019-20-ல் நான்கு ஆட்டம், அதற்கடுத்த சீசனில் ஒரே ஒரு ஆட்டம். ஆனாலும் பேம் அடேபாயோ போன்ற இளைஞர்கள் வளர்ந்த காலம் முழுவதும் பெஞ்சிலும் பயிற்சிக்கூடத்திலும் அவர் குரல் ஒலித்தது. 2023-ல் 42 வயதில் இறுதிச் சுற்றில் களமிறங்கிய மிக மூத்த வீரரானார். இது நட்சத்திரம் ஒருவரால் எளிதில் செய்யக்கூடிய வேலை இல்லை. இருபது ஆண்டு முதல் ஐவரில் ஆடியவருக்குப் பெஞ்ச் வலிக்கும். அந்த வலி பேச்சில் கசியும். ஆகவே ஆடாத துணை வேண்டும் என்றால் பெயர் சிறிதாக இருப்பவரே பெரும்பாலும் பொருந்துகிறார்.

பணக்கணக்கு இதில் சிறு பங்குதான் வகிக்கிறது. அனுபவம் கூடக் கூடக் குறைந்தபட்சச் சம்பளமும் கூடும் என்பதால், அணிகள் மூத்தவர்களை ஒதுக்கிவிடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஓராண்டு ஒப்பந்தம் போடும் மூத்த வீரரின் தொகையில், இரண்டாண்டு அனுபவக்காரருக்கு உரியதை மட்டும் அணி ஏற்கும், மிச்சத்தை என்.பி.ஏ.வின் பொதுநிதி தரும். உண்மையான செலவு இருக்கை. வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேருக்கே இடம். ஆடாத ஒருவருக்கு ஓர் இடம் என்றால் வேறோர் இளைஞருக்கு வாய்ப்பு இல்லை.

ஓய்வு பெற்ற நட்சத்திரத்தைத் தனிப் பயிற்சியாளராக அமர்த்துவது இன்னொரு வழி. 2005-ல் லேக்கர்ஸ் 17 வயது ஆண்ட்ரூ பைனமைத் தேர்ந்தெடுத்தபோது, அவருக்குப் போஸ்ட் ஆட்டம் சொல்லிக்கொடுக்க கரீம் அப்துல்-ஜபாரை நியமித்தது. ஓலாஜுவானிடம் கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ், டுவைட் ஹோவர்டு என்று பலர் கோடையில் ஹூஸ்டன் சென்று கால் அசைவுகளைக் கற்றார்கள். 2025-ல் வெம்பன்யாமாவும் சென்றார். நுணுக்கத்துக்கு இது சிறந்த வழி. இட நெருக்கடியும் இல்லை. ஆனால் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்ற இரவில் விமானத்தில் பக்கத்து இருக்கையில் அவர் இருக்க மாட்டார். 18 வயது கோபிக்கு 1996-97-ல் அப்படி இருந்தவர், மேஜிக் ஜான்சனோடும் கரீமோடும் மூன்று கோப்பை வென்று, தன் கடைசி என்.பி.ஏ. சீசனுக்காக லேக்கர்ஸுக்குத் திரும்பியிருந்த பைரன் ஸ்காட். அந்த சீசன் யூட்டாவுக்கு எதிரான பிளே-ஆஃபில், இறுதி நிமிடங்களில் கோபி எறிந்த நான்கு பந்துகள் வளையத்தைக்கூடத் தொடாமல் போயின. அத்தகைய இரவுகளில் ஓர் இளைஞருக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் தேவை.

துணை எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும் என்பது கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. மலோன் பார்க்லியோடு இரண்டே சீசன்கள் இருந்தார். 1986-ல் வாஷிங்டனுக்கு டிரேடு செய்யப்பட்டார். அது போதுமானதாக இருந்தது, ஏனெனில் எடை குறைந்து பழக்கம் ஊன்றிவிட்டது. ராபின்சன் ஆறு சீசன்கள் இருந்தார். நிமிடங்களை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு, கடைசி சீசனில் சராசரி 8.5 புள்ளியோடு நின்றார். ஒப்படைப்பு படிப்படியாக நடந்ததால் ஒரு நாளும் அது பறிப்பாகத் தோன்றவில்லை. டங்கன் பிறகு தானும் அப்படியே செய்தார்: 2007 இறுதிச் சுற்றின் எம்.வி.பி. டோனி பார்க்கர், 2014-ல் 22 வயது கவாய் லெனர்டு. இரண்டு முறையும் டங்கன் அதே அணியில் கோப்பை வென்றார். கிறிஸ் பாலின் ஒப்பந்தம் ஓராண்டோடு முடிந்தது. அதற்குள் டியரன் ஃபாக்ஸ் டிரேடில் வந்துவிட்டார், காசில் தன் இடத்தை உறுதிப்படுத்திவிட்டார், 2025 ஜூன் டிராஃப்டின் இரண்டாவது தேர்வாக டிலன் ஹார்ப்பர் என்ற இன்னொரு கார்டும் சேர்ந்தார். ஜூலையில் பால் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போனார். ஒப்பந்தம் நீண்டிருந்தால் நாற்பது வயதுக்காரர் ஒருவரும் இருபது வயது கார்டுகள் இருவரும் ஒரே நிமிடங்களுக்காகக் காத்திருக்க நேர்ந்திருக்கும். ஓராண்டுக் கெடு அந்தச் சங்கடத்துக்கு இடம் வைக்கவில்லை.